சயனைடு சுமக்கும் வேலைகள்

மாமல்லபுரத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்திய வடிவம்



இந்த மண்டபத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தைத் தாண்டி வயலூர் அருகே பாலாறு கடலில் சேர்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி 348 கிலோமீட்டர் வரும் ஆறு அது. கோலார் மாவட்டத்தில் பேத்தமங்கலத்து ஏரி இந்த ஆற்றின் மேல்தான் இருக்கிறது. கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் போனது அந்த ஏரியிலிருந்து. அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று வந்து நம் கடலைத் தொடுகிறது. ஆண்டில் பல மாதம் வெறும் மணலாகக் கிடந்தாலும், மேட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமையைக் கழிமுகத்துக்காரர்களுக்கு இந்த ஆறு தந்திருக்கிறது. சுரங்கமே இல்லாத ஊரில் சுரங்க ஆலையைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இன்றைய பொருள், தாதுக்களைப் பிரிக்கும் நுரை மிதப்பு முறையில் சயனைடைக் குறைப்பது. சயனைடு என்றதும் தங்கம்தான் நினைவுக்கு வரும். தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கும் ஆலைகளில் அன்றாடம் சொட்டுச் சொட்டாக விழும் சயனைடைப் பற்றிப் பேச்சு குறைவு. இவ்வுரை நிறுவ முயல்வது ஒரே கருத்தை: அந்த ஆலைகளில் சயனைடு பல வேலைகளை ஒரே தோளில் சுமக்கிறது. அவற்றுள் சில, அதனால் செய்யவே முடியாதவை. எந்த வேலை எது என்று பிரித்தறிந்து உரிய பொருளிடம் ஒப்படைத்தால், இந்த நஞ்சின் பெரும்பகுதிக்கு ஆலையில் இடமிருக்காது.

1. நுரை எப்படிப் பிரிக்கிறது

சுரங்கத்திலிருந்து வரும் பாறையில் உலோகத் தாது சிறு துகள்களாகச் சிதறிக் கிடக்கும். பாறையை உடைத்து, எஃகு உருண்டைகள் புரளும் உருளைக்குள் நீரோடு சேர்த்து அரைத்தால் தோசை மாவுப் பதத்தில் கரும்பழுப்புக் கூழ் கிடைக்கும். அதைத் தொட்டியில் விட்டு, அடியிலிருந்து காற்றைச் செலுத்திக் கலக்குவார்கள். சாந்தேட் என்ற வேதிப்பொருளைச் சில கிராம் சேர்த்தால், அது சல்பைடுத் தாதுவின் மேற்பரப்பில் ஒட்டி அதை நீர் ஒட்டாததாக மாற்றிவிடும். நீர் ஒட்டாத துகள் காற்றுக் குமிழைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். மணலும் கல்லும் நனைந்து அடியில் தங்கும். மேலே திரளும் நுரையை வழித்தெடுத்தால் செறிவான தாது கிடைக்கும்.

இதை நேரில் பார்க்க, ஈய, துத்தநாக ஆலைகள் உள்ள ராஜஸ்தானுக்குப் போக வேண்டியதில்லை. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் கிராஃபைட் ஆலை இதே நுரை மிதப்பில்தான் இயங்குகிறது. கிராஃபைட் இயல்பிலேயே நீர் ஒட்டாத பொருள். கொஞ்சம் எண்ணெயும் நுரை எழுப்பும் பொருளும் கிடைத்தால் தானே மிதந்துவிடும். அங்கே சயனைடுக்கு வேலையில்லை.

இரண்டு சல்பைடுகள் ஒன்றாக வந்தால்தான் சிக்கல். ஈயச் சல்பைடான கலீனா, துத்தநாகச் சல்பைடான ஸ்பேலரைட், அவற்றோடு இரும்புச் சல்பைடான பைரைட் மூன்றும் ஒரே பாறையில் பின்னிக் கிடப்பது வழக்கம். மூன்றும் ஒரே நுரையில் ஏறினால் உருக்காலைக்கு அது பயன்படாது. முதலில் ஈயத்தை மட்டும் மிதக்கவிட்டு, துத்தநாகத்தைக் கீழே அழுத்திவைக்க வேண்டும். பிறகு அதே துத்தநாகத்தைத் தட்டியெழுப்பி மிதக்கவிட வேண்டும்.

2. சயனைடு உள்ளே வந்த கதை

1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்தை மையமாக வைத்து நுரை மிதப்பு வளர்ந்தது. ஈயமும் துத்தநாகமும் கலந்த தாதுவைத் தெளிவாகப் பிரிக்கும் எளிய வழி மட்டும் நெடுநாள் கைக்கு எட்டவில்லை. 1922-இல் அமெரிக்காவில் ஷெரிடன், கிரிஸ்வோல்டு என்ற இருவர் சோடியம் சயனைடையும் துத்தநாகச் சல்பேட்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். துத்தநாகம் அடங்கியது, ஈயம் மட்டும் மிதந்தது. சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் ஈய, துத்தநாக ஆலைகளின் பொதுச் செய்முறையாக அது மாறியது. இந்தியாவில் 1966-இல் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜாவர், ராஜ்புரா-தரிபா, ராம்புரா-அகுச்சா என ராஜஸ்தானில் எழுந்த ஆலைகளுக்கும் இது பழகிய செய்முறைதான்.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே இது வருகிறது. கலீனாவோடு கலந்த துத்தநாகச் சல்பைடின் மேல் சயனைடு ஓர் அணைவுச் சேர்மப் படலத்தை உண்டாக்கி அதை மிதக்கவிடாமல் தடுக்கிறது என்று மாணவர்கள் படிக்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். ஆலையில் நடப்பது அதைவிட நுட்பமானது.

தூய ஸ்பேலரைட், ஆலையில் வழக்கமாகச் சேர்க்கும் அளவு சாந்தேட்டுக்கு எளிதில் மயங்குவதில்லை. தனியாக விட்டால் பெரும்பாலும் கீழேதான் கிடக்கும். பிறகு ஏன் ஈய நுரையில் ஏறுகிறது? தாதுவிலேயே சிறிதளவு செம்பு இருக்கும். அது காற்றுப் பட்டு அயனிகளாக நீரில் கரையும். அந்தச் செம்பு அயனிகள் ஸ்பேலரைட்டின் மேற்பரப்பில் துத்தநாகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். செம்பைக் கண்டால் சாந்தேட் உடனே ஒட்டும். துத்தநாகத் துகள் செம்புப் போர்வை போர்த்திக்கொண்டு நுரையேறிவிடுகிறது.

சயனைடின் முதன்மையான வேலை இந்தப் போர்வையை உரிப்பது. செம்போடு அது வலுவாகப் பிணைந்து, மேற்பரப்பிலிருந்து பிரித்து நீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது வேலை, பைரைட்டின் மேல் இரும்புச் சயனைடுச் சேர்மங்களை உருவாக்கி அதையும் அடக்குவது. ஈய, துத்தநாகப் பிரிப்பில் வேதியியல் அதற்குத் தந்திருக்கும் வேலைகள் இவை இரண்டும்தான்.

3. ஆலைக்குள் சுழலும் வட்டம்

ஈயம் மிதந்து முடிந்ததும் கூழ் அடுத்த வரிசைத் தொட்டிகளுக்குப் போகிறது. இப்போது துத்தநாகம் மிதக்க வேண்டும். அதற்குச் செம்புச் சல்பேட்டை, நாம் மயில்துத்தம் என்கிறோமே அதை, அள்ளிச் சேர்க்கிறார்கள். முன் தொட்டியில் எந்தச் செம்பை உரிக்கச் சயனைடு ஊற்றினார்களோ, அதே செம்பை இங்கே விலை கொடுத்து வாங்கிப் போர்த்துகிறார்கள். முறையே இதுதான், அதில் தவறில்லை. தவறு மிச்சங்களில் இருக்கிறது.

முன் தொட்டியில் தேவைக்கு மேல் விட்ட சயனைடு கூழோடு சேர்ந்து பின் தொட்டிக்கும் வருகிறது. அங்கே சேர்க்கும் மயில்துத்தத்தில் ஒரு பகுதியை அது தின்றுவிடுகிறது. துத்தநாகம் மந்தமாக மிதப்பதைப் பார்த்து மயில்துத்தத்தைக் கூட்டுகிறார்கள். மிஞ்சிய செம்பு கழிவுக் கூழோடு, அதைத் தேக்கிவைக்கும் அணைக்குப் போகிறது. வறண்ட நாட்டு ஆலைகள் அணையில் தெளிந்த நீரைத் திரும்ப இறைத்துப் பயன்படுத்துகின்றன. அந்த நீரோடு செம்பு அயனிகளும் அரைக்கும் உருளைக்கே திரும்புகின்றன. அரைபடும் கணத்திலேயே புதிதாக உடைந்த ஸ்பேலரைட் செம்பைப் போர்த்திக்கொள்கிறது. இப்போது ஈயத் தொட்டியில் துத்தநாகம் கூடுதலாக ஏறுகிறது. உடனே சயனைடைக் கூட்டச் சொல்கிறார்கள்.

அவையோரே, இந்த வட்டத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். சயனைடு கூடினால் மயில்துத்தம் கூடும். மயில்துத்தம் கூடினால் திரும்பும் நீரில் செம்பு கூடும். செம்பு கூடினால் மறுபடி சயனைடு கூடும். தாதுவில் ஒரு மாற்றமும் இல்லாமலே நஞ்சின் தேவை இப்படி ஏறிக்கொண்டு போகலாம். ஆலை தன் நீரின் வழியாகத் தன் நோயைத் தானே வளர்க்கிறது. நீரைச் சேமிப்பது நல்ல செயல். நீரில் என்ன திரும்பி வருகிறது என்று அளக்காமல் சேமிப்பதுதான் இடர். இந்த வட்டத்தை அறுப்பதற்குப் புதிய மருந்து தேவையில்லை. துத்தநாகத் தொட்டியின் கழிவு நீரை ஈயத் தொட்டிக்கு அனுப்பாமல், அந்தந்த நீரை அந்தந்தச் சுற்றுக்கே திருப்பினால் போதும்.

4. சயனைடின் மேல் ஏற்றிய பிறர் வேலை

ஈயச் செறிவில் துத்தநாகம் கலந்து வருவதற்குச் செம்புப் போர்வை மட்டும் காரணமில்லை. வேறு இரண்டு வழிகளிலும் அது வரும்.

முதலாவது, பாறை போதிய அளவு அரைபடாமல் ஒரே துகளில் பாதி கலீனாவும் பாதி ஸ்பேலரைட்டுமாக ஒட்டியிருப்பது. ஈயப் பாதியைக் குமிழ் பிடித்து இழுக்கும்போது துத்தநாகப் பாதியும் கூடவே போகிறது. இரண்டாவது, மிக நுண்ணிய துகள்கள் எந்தக் குமிழிலும் ஒட்டாமல், குமிழ்களுக்கு இடையில் மேலேறும் நீரோடு நுரைக்குள் அடித்துச் செல்லப்படுவது.

இந்த இரண்டையும் சயனைடால் தடுக்க முடியாது. ஒட்டிக்கிடக்கும் துகளை அது பிளக்காது. நீரோடு போகும் தூசியை அது நிறுத்தாது. ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் தாளில் ஓர் எண்தான் இருக்கிறது: ஈயச் செறிவில் துத்தநாகம் இத்தனை விழுக்காடு. அந்த எண் ஏறினால் இரவுப் பணியில் இருப்பவர் என்ன செய்வார்? கையருகில் இருப்பது சயனைடு வால்வு. அதைக் கொஞ்சம் திறக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. எந்தக் காரணத்தால் துத்தநாகம் ஏறியது என்று சொல்லும் தகவல் அவருக்குத் தரப்படவில்லை.

அந்தத் தகவலை நுண்ணோக்கி தரும். செறிவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பிசினில் பதித்து மெருகேற்றிப் பார்த்தால், தனித்த துகள் எத்தனை, ஒட்டிய துகள் எத்தனை என்று எண்ணிவிடலாம். ஒட்டிய துகள் அதிகமென்றால் மறுபடி அரைக்க வேண்டும். நீரோடு வந்த தூசி அதிகமென்றால் நுரையைக் கழுவ வேண்டும். உயரமான குழாய் வடிவில் நின்று, மேலிருந்து நீர் தெளித்து நுரையைக் கழுவும் மிதப்புத் தூண்கள் இதற்கென்றே வந்தவை. 1960களில் கனடாவில் உருவான இந்த நுட்பத்தில், சென்னை தரமணியில் இருந்த தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் கிளை பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. ஆக, நமக்கு இது அன்னிய அறிவும் இல்லை.

5. கொஞ்சம் என்பது எவ்வளவு

தங்க ஆலைகள் ஒரு டன் தாதுவுக்குச் சில நூறு கிராமிலிருந்து கிலோ கணக்கில் சயனைடு செலவழிக்கின்றன. நுரை மிதப்பில் டன்னுக்குப் பத்திருபது கிராமிலிருந்து ஒரு நூறு, இருநூறு கிராம் வரைதான். அதனால்தான் இது பேசப்படாமல் போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 10,000 டன் அரைக்கும் ஆலை, டன்னுக்கு 50 கிராம் என்று வைத்தால், நாளுக்கு 500 கிலோ சோடியம் சயனைடு. ஆண்டுக்கு 350 நாள் ஓடினால் 175 டன்.

இந்த நஞ்சு ஆபத்தாவது நீரின் காரத்தன்மை குறையும்போது. பி.எச். அளவு பத்தரைக்கு மேல் இருக்கும்வரை சயனைடு பெரும்பாலும் அயனியாக நீரிலேயே கிடக்கும். ஒன்பதை ஒட்டி இறங்கினால் ஏறத்தாழ பாதி ஹைட்ரஜன் சயனைடாக மாறிவிடும். எட்டுக்கு வந்தால் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். நம் கடல்நீரின் பி.எச். ஏறக்குறைய 8.1. ஹைட்ரஜன் சயனைடு கொதித்து ஆவியாகும் வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ். இந்தக் கடற்கரையில் மார்கழி விடியலை விட்டால் பெரும்பாலான நேரம் அதைவிடச் சூடுதான்.

கடலில் தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு எண் முக்கியம். ஒரு லிட்டர் நீரில் கட்டற்ற சயனைடு, அதாவது எந்த உலோகத்தோடும் பிணையாத சயனைடு, 5 முதல் 7 மைக்ரோகிராம் இருந்தாலே பல மீனினங்களின் நீந்தும் வலுவும் இனப்பெருக்கமும் குன்றுகின்றன. ஆலைக்கழிவுக்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், அதாவது 200 மைக்ரோகிராம். ஆற்றிலோ கடலிலோ கலந்தபின் அது நீர்த்துவிடும் என்பதே அந்த வரம்பின் நம்பிக்கை. கோடையில் ஓடாத ஆற்றில் எதில் கலந்து நீர்க்கும்?

2000-ஆம் ஆண்டு ஜனவரி 30 இரவு, ருமேனியாவின் பாயா மாரே நகரத்துக்கு அருகில் ஒரு கழிவு அணை உடைந்தது. சயனைடு கலந்த நீர் சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் வெளியேறி, சோமேஷ், டிசா ஆறுகள் வழியாக டான்யூபில் சேர்ந்தது. ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்து மிதந்தது. சுரங்கம் ஒரு நாட்டில், மீன் இழந்தவர்கள் இன்னொரு நாட்டில். அதன் விளைவாக 2002-இல் பன்னாட்டுச் சயனைடு மேலாண்மை நெறி உருவானது. தன்விருப்பமாக ஏற்கும் நெறி அது. தங்கத்துக்கென எழுதப்பட்டு, பின்னர் வெள்ளிக்கும் விரிந்தது. ஈய, துத்தநாக நுரை மிதப்பு ஆலைகள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

கழிவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குக் கோலார் தங்கவயலே சான்று. 1887-இல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற சயனைடு முறை விரைவிலேயே அங்கே வந்து சேர்ந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் போன தமிழர்கள் நூறாண்டுக்கும் மேலாக அந்தச் சுரங்கத்தில் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் எடுத்தபின் கொட்டிய சாம்பல் நிற நுண்மணல் 13 மேடுகளாக, 3 கோடி டன்னுக்கு மேல், ஊர் நடுவே நிற்கிறது. சயனைடு மேடுகள் என்றே ஊரில் பெயர். அதில் இருந்த சயனைடின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் எப்போதோ சிதைந்திருக்கும். ஆடிக்காற்று எழும்போது வீட்டுக்குள் வந்து படியும் தூசி மட்டும் சிதையவில்லை. 2024-இல் அந்த மேடுகளை மறுபடி பதப்படுத்தித் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. எந்த வேதிப்பொருளால், எவ்வளவு, எந்த நீரில் என்ற கேள்விகளை இப்போதே கேட்டாக வேண்டும்.

6. குறைக்கும் படிகள்

படி ஒன்று, அளத்தல். கூழில் எஞ்சியிருக்கும் கட்டற்ற சயனைடையும், திரும்பும் நீரில் உள்ள செம்பையும் ஒவ்வொரு பணிமுறையிலும் அளந்து பலகையில் எழுதுவது.

படி இரண்டு, முன் சொன்னபடி நீர்ச் சுற்றுகளைப் பிரித்தல்.

படி மூன்று, அரைக்கும் இடத்தைக் கவனித்தல். எஃகு உருண்டைகள் தேய்ந்து இரும்பைக் கூழில் விடுகின்றன. எஃகும் சல்பைடும் நீருக்குள் தொட்டுக்கொள்ளும்போது மின்வேதி வினை நடந்து மேற்பரப்புகள் மாறுகின்றன. குரோமியம் கலந்த உருண்டை, பீங்கான் உருண்டை என்று மாற்றினால் பிரிப்பே தெளிவாகும் தாதுக்கள் உண்டு. மருந்தைக் குறைக்க, மருந்துத் தொட்டிக்கு முன்னால் இருக்கும் எந்திரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

படி நான்கு, வேலையைக் கை மாற்றுதல். துத்தநாகச் சல்பேட்டைக் காரக் கூழில் சேர்த்தால், ஸ்பேலரைட்டின் மேல் துத்தநாக ஹைட்ராக்சைடு படிந்து அதை நீர் ஒட்டும்படி செய்யும். 1922-இன் செய்முறையில் துணையாக வந்த இந்தப் பொருள், பல தாதுக்களில் தலைமை ஏற்கும் வலிமை உள்ளது. சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போன்ற சல்ஃபைட் உப்புகள் சாந்தேட்டைச் சிதைத்தும் செம்பின் பிடியைத் தளர்த்தியும் உதவுகின்றன. பைரைட்டை அடக்கச் சுண்ணாம்பே போதும் என்ற நிலை பல இடங்களில் உண்டு. சீனாவின் ஃபான்கோ சுரங்கத்தில் சுண்ணாம்பால் காரத்தன்மையை மிக உயர்த்தி, கூழின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி ஈயத்தைப் பிரிக்கும் வழியில் நெடுங்காலம் ஆய்வு நடந்திருக்கிறது.

சயனைடைக் குறைப்பதில் ஆலைக்கும் ஆதாயம் உண்டு. சயனைடு தங்கத்தையும் வெள்ளியையும் கரைக்கும். இந்தியாவின் வெள்ளியில் ஏறத்தாழ முழுவதும் இந்த ஈய, துத்தநாகத் தாதுக்களோடுதான் வருகிறது. தேவைக்கு மேல் சேர்க்கும் சயனைடு கொஞ்சம் வெள்ளியையும் கழிவு நீருக்கு அனுப்பிவைக்கிறது.

கழிவில் கலந்தபின் கந்தக டை ஆக்சைடாலும் ஹைட்ரஜன் பெராக்சைடாலும் சயனைடை அழிக்கும் முறைகள் இருக்கின்றன. அவை தேவைதான். ஆனால் இரும்போடு பிணைந்த சயனைடு எளிதில் அழிவதில்லை. வெயில் பட்டால் அது மெல்லப் பிரிந்து கட்டற்ற சயனைடை மறுபடி வெளியிடும். வாசலில் அழிப்பதைவிட உள்ளே விடாமல் இருப்பது உறுதியானது.

7. மாற்று தேடும்போது

செம்பையும் ஈயத்தையும் பிரிக்க இரண்டு பழைய வழிகள் உண்டு. சயனைடால் செம்பை அடக்குவது ஒன்று. டைகுரோமேட்டால் ஈயத்தை அடக்குவது மற்றொன்று. சயனைடு வேண்டாம் என்று சொல்லி டைகுரோமேட்டைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே பாலாற்றங்கரையில் விடை இருக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகள் தயாரித்த ஆலை 1990களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அந்த வளாகத்தில் தங்கியது. அறுவிணைத்திறன் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. சயனைடு வெயிலில் சிதையும். குரோமியம் ஒரு தனிமம், அது எங்கும் போகாது.

அதனால் எந்த மாற்றுப் பொருளையும் மூன்று கேள்விகள் கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும். ஆலைக்குள் அது யாரைத் தீண்டும்? அணையில் எத்தனை காலம் நிற்கும்? அதைத் தயாரிக்கும் ஊரில் என்ன கழிவை விடும்?

8. இந்த மண்ணில் கிடைக்கும் அமுக்கிகள்

கோவளம், முட்டுக்காடு பக்கத்து நண்பர்கள், தாதுவை மிதக்கவிடாமல் அடக்கும் பொருள்களான அமுக்கிகளைப் பற்றிய இந்தப் பகுதியைக் கூர்ந்து கேட்க வேண்டும். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. இறால் வளர்ப்பும் இறால் பதப்படுத்துதலும் இந்தக் கடற்கரையின் பெருந்தொழில்கள். இறாலின் தலையும் ஓடும் உரித்தபின் குப்பைக்குப் போகின்றன. அந்த ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளை வலுவான எரிகாரத்தில் சூடாக்கினால் கைட்டோசன் கிடைக்கும். கைட்டோசனுக்குச் செம்பு அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு.

கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010களின் தொடக்கத்தில் இந்தக் குணத்தை நுரை மிதப்பில் சோதித்தார்கள். செம்பு போர்த்திய ஸ்பேலரைட்டின் மேல் கைட்டோசன் படிந்து அதை அடக்கியது. கலீனா மிதந்தது. எந்த மேற்பரப்பில் செம்பு இருக்கிறதோ, அதைத் தேடிப் போய் ஒட்டும் பொருள் கிடைத்திருக்கிறது. சயனைடு செம்பை உரித்தது, கைட்டோசன் செம்பின் மேலேயே மூடி போடுகிறது. ஆய்வுக்கூடத்துச் சிறு தொட்டியில் கிடைத்த முடிவு இது. ஆலை அளவுக்கு வர விலை குறைய வேண்டும், தரம் சீராக வேண்டும். கைட்டோசன் தயாரிப்பில் வெளியேறும் எரிகார நீருக்கும் வழி காண வேண்டும். மூன்றாவது கேள்வி இதற்கும் பொருந்தும்.

இன்னொரு பொருள் சேலம், நாமக்கல், ஆத்தூர் வட்டாரத்து மரவள்ளி. பச்சை மரவள்ளிக் கிழங்கில் லினமாரின் என்ற சேர்மம் உண்டு. அது சிதைந்தால் சயனைடு வரும். தோலுரித்து, நறுக்கி, வேகவைத்து நீரை வடித்துவிட்டு உண்பது நம் வீடுகளின் பழக்கம். ஜவ்வரிசி ஆலைகளில் அரைத்துக் கழுவிப் படியவைத்து மாவைப் பிரிக்கிறார்கள். அந்த மாவுப்பொருளும் அதிலிருந்து வரும் டெக்ஸ்டிரினும் நுரை மிதப்பில் நெடுநாளாகப் பழகிய அமுக்கிகள். இரும்புத் தாது ஆலைகள் ஹெமட்டைட்டை அடக்க மாவுப்பொருளையே நம்பியிருக்கின்றன. செம்பு, ஈயப் பிரிப்பில் டைகுரோமேட்டின் இடத்தில் ஈயத்தை அடக்க டெக்ஸ்டிரின் சோதிக்கப்பட்டிருக்கிறது. ராஜஸ்தானில் விளையும் கொத்தவரை விதையின் பிசினான குவார் கம், டால்க் போன்ற வழுவழுப்பான தாதுக்களை அடக்குகிறது.

9. தமிழ்நாட்டில் தொடங்க வேண்டிய இடம்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் மாமண்டூர் என்றோர் ஊர் உண்டு. செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து நிற்கும் மாமண்டூரும், மகேந்திரவர்மன் குடைவரைகள் உள்ள மாமண்டூரும் வேறு. தென்னார்க்காட்டு மாமண்டூரில் துத்தநாகம், ஈயம், செம்பு மூன்றும் கலந்த தாது இருப்பதைப் புவியியல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சிறிய படிவு. அங்கே இன்று பெருஞ்சுரங்கம் இல்லை. அதுவே நமக்கு வாய்ப்பு. ஆலை எழுந்து, செய்முறை பழகி, அணை நிரம்பியபின் மாற்றுவது கடினம். ஆலை இல்லாத இடத்தில் செய்முறையை முதலிலேயே சயனைடு இல்லாமல் எழுதிவிடலாம்.

அதற்கு வேண்டியவை தெளிவானவை. மாமண்டூர்த் தாதுவின் சேமித்த மாதிரிகளை எடுத்து, சயனைடோடு ஒரு வரிசை, துத்தநாகச் சல்பேட்டும் சல்ஃபைட்டும் சேர்த்து ஒரு வரிசை, நம் கடற்கரைக் கைட்டோசனோடு ஒரு வரிசை என்று சோதிக்க வேண்டும். மூன்றிலும் ஒரே நுண்ணோக்கிக் கணக்கும், திரும்பும் நீரின் ஒரே செம்புக் கணக்கும் எடுக்க வேண்டும். முடிவு எதுவானாலும், தோற்ற சோதனைகளையும் சேர்த்துத் தமிழில் வெளியிட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்திலும் தரமணியின் ஆய்வகங்களிலும் இதற்கான அறிவும் கருவியும் இருக்கின்றன.

அரசிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கலாம். ஈய, துத்தநாக, செம்பு ஆலைகள் டன்னுக்கு எத்தனை கிராம் சயனைடு சேர்க்கின்றன, அதில் எவ்வளவு கழிவு அணைக்குப் போகிறது என்ற கணக்கைச் சுற்றுச்சூழல் அனுமதியின் அரையாண்டு அறிக்கையில் தனி வரியாகக் கேட்பது ஒன்று. தங்கத்துக்கு எழுதிய மேலாண்மை நெறியை நுரை மிதப்பு ஆலைகளும் ஏற்கும்படி அனுமதியிலேயே நிபந்தனையாக வைப்பது மற்றொன்று. தங்கவயல் மேடுகளை மறுபடி பதப்படுத்தும் திட்டத்துக்கும் இவை இரண்டும் பொருந்த வேண்டும். அதன் அறிக்கைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமன்றித் தமிழிலும் கிடைக்க வேண்டும். அந்த மேடுகளின் நிழலில் வாழ்பவர்களில் மிகப் பலர் தமிழ் படிப்பவர்கள்.